“சும்மா விளையாடுறான்!”

மாலை ஐந்தரை மணிக்கு மேல் டேசா பார்க்சிட்டி பூங்காப் பக்கம் போனால், கிள்ளான் பள்ளத்தாக்கில் என்னென்ன வகை நாய்கள் வளர்கின்றன என்பதை ஒரே சுற்றில் பார்த்துவிடலாம். சிட்சூ, பூடல், கோர்கி, கோல்டன் ரிட்ரீவர், இந்த வெயிலில் யார் கொண்டுவந்தார்களோ என்று பரிதாபப்பட வைக்கும் ஹஸ்கி. நடுவில் செந்தூலிலிருந்தோ பிரிக்பீல்ட்ஸிலிருந்தோ காரில் ஏற்றி வரப்பட்ட, இனம் சொல்ல முடியாத பழுப்பு நிற நாட்டு நாய் ஒன்று. பேச்சில் சீனம், மலாய், தமிழ், ஆங்கிலம் எல்லாம் கலந்திருக்கும். எந்த மொழியில் கேட்டாலும் அதிகம் காதில் விழுவது ஒன்றுதான்: “பயப்படாதீங்க, சும்மா விளையாடுறான்!”

பெரும்பாலும் அது உண்மைதான். உண்மையாக இல்லாத நேரத்திலும் அதையேதான் சொல்கிறார்கள் என்பதில்தான் சிக்கல். சொல்பவர் பொய் சொல்லவில்லை. தன் நாயின் உடம்பு என்ன சொல்கிறது என்று அவருக்குப் பிடிபடவில்லை, அவ்வளவுதான். நாய்ப் பூங்காவில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எழுதிவைக்கும் விதிகளில் பாதி இந்தத் தெரியாமைக்காக வந்தவை. அந்த விதிகளின் ஊற்றுக்கண் குளிர்ந்த ஊர்கள். அமெரிக்காவில் நாய்களுக்கென்றே வேலி கட்டிய முதல் பூங்கா, கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் 1979-இல் திறந்த ஓலோனி பூங்கா என்பார்கள். அங்கே எழுதியதை இங்கே அப்படியே ஒட்டினால் பாதிதான் பொருந்தும். நம் காற்றில் இருக்கும் ஈரம், நம் மண்ணில் இருக்கும் புழு, நம் நடைபாதையில் வரும் மனிதர், இந்த மூன்றும் அந்த விதிகளை எழுதியவர்களுக்குத் தெரியாது.

கோலாலம்பூரின் பெரிய பொதுப் பூங்காக்களில் நாய்க்கு இடமில்லை. இரட்டைக் கோபுரத்தின் காலடியில் உள்ள கே.எல்.சி.சி. பூங்காவுக்கு நாயோடு போக முடியாது. எனவே வீடமைப்பு நிறுவனங்கள் உருவாக்கிய டேசா பார்க்சிட்டி, பண்டார் உத்தாமா போன்ற இடங்களையும், அங்கங்கே வேலி போட்ட சிறு புல்தரைகளையும்தான் எல்லாரும் நம்பியிருக்கிறார்கள். இடம் குறைவு, நாய் அதிகம். கிள்ளானில் ஒரு வரிசை வீட்டின் போர்ச்சில் திங்கள் முதல் சனி வரை கட்டிக் கிடக்கும் நாய், ஞாயிற்றுக்கிழமை மாலை கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் ஒரு மணி நேரம் காரில் குலுங்கி வந்து, முன்பின் தெரியாத இருபது நாய்களுக்கு நடுவில் அவிழ்த்துவிடப்படுகிறது. அதன் நிலையில் நாம் இருந்தால் என்ன செய்வோம் என்று யோசித்தாலே பாதி விதிகள் தாமாக வந்துவிடும்.

கனடாவின் நியூபவுண்ட்லாந்து தீவில் உள்ள மெமோரியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒரு நாய்ப் பூங்காவில் இதை அளந்தே பார்த்தார்கள். 2013-இல் வெளியான ஆய்வில் நாய்களின் எச்சிலை எடுத்து, மன அழுத்தத்தின்போது சுரக்கும் கார்டிசோலைக் கணக்கிட்டார்கள். பூங்காவில் அது கூடியது. அடிக்கடி வரும் நாய்களைவிட எப்போதாவது வரும் நாய்களிடம் கூடுதலாகத் தெரிந்தது. 2018-இல் வந்த இன்னோர் ஆய்வில், வாசலுக்குள் நுழையும் ஒவ்வொரு நாயையும் முதல் 400 விநாடிகள் படம் பிடித்தார்கள். அந்த நேரத்தில் ஏறத்தாழப் பாதியை நாய்கள் தனியாகவே கழித்தன. மற்ற நாய்களோடு சேர்ந்திருந்தது பெரும்பாலும் நுழைந்தவுடன். பிறகு அது குறைந்துகொண்டே போனது.

இதைப் படித்தபின் பூங்காவைப் பார்த்தால் வேறு மாதிரி தெரியும். நாம் அஞ்சுவது புல்தரையின் நடுவில் நடக்கும் துரத்தலை. ஆனால் கவனம் வேண்டிய இடம் வாசல். புதிதாக ஒரு நாய் வந்ததும் உள்ளே இருப்பவை நாலைந்து ஓடிவந்து கதவை மொய்க்கும். வருகிற நாய்க்குப் பின்னால் கதவு, முன்னால் கூட்டம், கழுத்தில் வார், வாரின் மறுமுனையில் பதற்றத்தோடு இழுத்துப் பிடிக்கும் முதலாளி. ஓட இடமில்லாத நாய்க்கு மிஞ்சுவது பல்தான்.

வார் விஷயத்தில் செக் நாட்டு ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஒரு கணக்கு உண்டு. தெருவில் சந்தித்துக்கொள்ளும் நாய்களைக் கவனித்ததில், வாரில் இருந்தபோது மிரட்டல் ஏறத்தாழ இருமடங்கு தென்பட்டது. நாய்கள் நேருக்கு நேர் வந்து அறிமுகம் செய்துகொள்வதில்லை. சற்றே வளைந்து வந்து, பக்கவாட்டில் நின்று, பின்புறத்தை மோந்து, விலகும். அங்குள்ள சுரப்பிகளின் வாசனையிலிருந்து எதிராளி ஆணா பெண்ணா, எந்த நிலையில் இருக்கிறது என்பதையெல்லாம் அறிந்துகொள்ளும். வாரை இறுக்கிப் பிடித்தால் அந்த வளைவு போய்விடும். கழுத்து மேலே இழுபட, நெஞ்சு நிமிர, எதிரே வரும் நாயின் கண்ணுக்கு அது சண்டைக்கு நிற்கும் நாயாகவே தெரியும். நாம் கொடுத்த தோரணைக்கு அது பதில் சொல்லும். நாம் உடனே, “எப்பவும் இப்படி இல்லீங்க” என்று மன்னிப்புக் கேட்போம்.

நல்ல பூங்காவில் இரண்டு கதவுகள் அடுத்தடுத்து இருப்பது இதற்காகத்தான். முதல் கதவை மூடி, நடுக்கூண்டில் வாரைக் கழற்றி, உள்ளே மொய்க்கும் நாய்களை அவரவர் கூப்பிட்டுக்கொண்ட பிறகே இரண்டாம் கதவைத் திறக்க வேண்டும். உள்ளே இருக்கும் நமக்கும் ஒரு வேலை உண்டு: வாசலில் ஆள் தெரிந்ததும் நம் நாயைக் கூப்பிட்டு நகர்த்துவது. கூப்பிட்டால் வராத நாயை அவிழ்த்துவிடவே கூடாது என்பது என் கட்சி. இதைச் சொன்னால் பாதிப் பூங்கா காலியாகிவிடும் என்பதும் தெரியும். முள் வளையத்தையும் நெஞ்சுப் பட்டையையும் விளையாட்டுக்கு முன் கழற்றிவிடுவது நல்லது. இன்னொரு நாயின் தாடை அதில் சிக்கினால், இரண்டும் பயத்தில் இழுக்க, விளையாட்டு நொடியில் வினையாகும்.

சரி, உள்ளே போயாயிற்று. விளையாட்டா, வேறா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வால் ஆட்டினால் சிநேகம் என்பது நம் எல்லாருக்கும் பாலபாடம். இத்தாலியின் பாரி பல்கலைக்கழக ஆய்வாளர்களும் உடன் உழைத்தவர்களும் 2007-இல் அந்தப் பாடத்தைக் கொஞ்சம் கலைத்தார்கள். முதலாளியைக் கண்ட நாய் தன் வலப்பக்கமாக அதிகம் ஆட்டியது. அறிமுகமில்லாத, ஆதிக்கம் காட்டும் நாயைக் கண்டபோது ஆட்டம் இடப்பக்கம் சாய்ந்தது. 2013-இல், இடப்பக்கமாக வால் ஆட்டும் நாயின் படத்தைப் பார்த்த நாய்களுக்கு இதயத் துடிப்பு கூடியதாகவும் காட்டினார்கள். பூங்காவில் நின்று வெறுங்கண்ணால் இடம் வலம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, முயலவும் வேண்டாம். கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் வேறு. தாழ்ந்து, அகலமாக, இடுப்பையும் சேர்த்துக்கொண்டு ஆடும் வால் ஒன்று. செங்குத்தாக நின்று, நுனி மட்டும் விறைப்பாகத் துடிக்கும் வால் இன்னொன்று. இரண்டாவதைப் பார்த்தால், “வால் ஆட்டுறான் பாருங்க” என்று சிரிக்காமல் போய்க் கூப்பிட வேண்டும்.

விளையாட்டுக்கு நாய்களே வைத்திருக்கும் அடையாளம் ஒன்று உண்டு. முன்னங்கால்களை நீட்டி நெஞ்சைத் தரையில் தாழ்த்தி, பின்பக்கத்தை உயர்த்தி நிற்கும். அமெரிக்க விலங்கியலாளர் மார்க் பெகாஃப் 1995-இல் எழுதிய ஆய்வில், இந்தக் குனிவு கண்ட இடத்தில் வருவதில்லை என்று காட்டினார். கவ்வி உலுக்குவது போல, தப்பாக எடுத்துக்கொள்ளக்கூடிய செய்கைக்குச் சற்று முன்னும் பின்னும்தான் அடிக்கடி வந்தது. “இப்போ கடிக்கப்போறது விளையாட்டுக்கு” என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டுக் கடிக்கின்றன. துரத்துவதும் துரத்தப்படுவதும் மாறி மாறி நடக்கிறதா, பெரியது சில நேரம் வேண்டுமென்றே மல்லாந்து கொடுக்கிறதா என்று பாருங்கள். ஐயமிருந்தால் எளிய சோதனை ஒன்று உண்டு: துரத்துகிற நாயைப் பிடித்துப் பத்து விநாடி நிறுத்துங்கள். துரத்தப்பட்டது திரும்பி வந்து சீண்டினால் விளையாட்டு. இதுதான் சாக்கு என்று பெஞ்சுக்கடியில் போய் ஒளிந்தால், இத்தனை நேரமும் அது விளையாடவில்லை.

குரைக்கிற நாய் கடிக்காது என்ற பழமொழி நம் வீடுகளில் செய்துள்ள கெடுதல் கொஞ்சமல்ல. உறுமலும் குரைப்பும் கடிக்கு முந்தைய படிகள். அதற்கும் முன்னே சத்தமில்லாத படிகள் உள்ளன: முகத்தைத் திருப்புவது, மூக்கை நக்கிக்கொள்வது, தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்ப்பது, திடீரென்று சிலையாக நின்றுபோவது. உறுமும்போதெல்லாம் அடி வாங்கிய நாய் உறுமலை விட்டுவிடும், பயத்தை விடாது. பிறகு எச்சரிக்கை இல்லாமலே கடிக்கும். “ஒண்ணுமே செய்யலீங்க, திடீர்னு கடிச்சிருச்சு” என்ற கதைகளில் பலவற்றுக்குப் பின்னால் இப்படி வாய் அடைக்கப்பட்ட நாய் இருக்கும்.

குட்டிகளைப் பற்றி ஒரு சங்கடம். மூன்று வாரத்திலிருந்து ஏறத்தாழ பதினான்கு வாரம் வரை நாய்க்குட்டியின் மூளை உலகத்தோடு பழகத் திறந்திருக்கும் என்பதை ஸ்காட், ஃபுல்லர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் அமெரிக்காவின் பார் ஹார்பரில் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து 1965-இல் நூலாக்கினார்கள். ஆனால் பார்வோ வைரஸுக்கு எதிரான தடுப்பூசி வரிசை முடியப் பதினாறு வாரமோ மேலேயோ ஆகும். அந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பழக வேண்டிய காலமும் வெளியே விடக்கூடாத காலமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. வழி இதுதான்: குட்டியைத் தூக்கிக்கொண்டே பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவின் அஞ்சடியில் நடங்கள். மணிச் சத்தம், பூக்கடை, மோட்டார் சைக்கிள், தொப்பி போட்டவர், குடை பிடித்தவர் எல்லாம் பார்க்கட்டும். தடுப்பூசி போட்ட, சாதுவான நாய் இருக்கும் உறவினர் வீட்டுக்குக் கொண்டுபோங்கள். நாய்ப் பூங்கா மட்டும் காத்திருக்கட்டும்.

பெரிய நாய்களுக்குச் சட்டமே காத்திருக்கிறது. பிட்புல், ஜப்பானிய டோசா, அக்கிதா போன்ற இனங்களை மலேசியாவுக்குள் கொண்டுவரவே தடை. ராட்வைலர், டோபர்மேன், ஜெர்மன் ஷெப்பர்ட் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. பெரிய நாய்களைப் பற்றிய பேச்சு எவ்வளவு தீவிரமாகலாம் என்பதற்குச் சென்னையைப் பார்க்கலாம். 2024 மே மாதம், ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றுக்குள் இரண்டு ராட்வைலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. குழந்தை பூங்காக் காவலாளியின் மகள், அவள் வீடே அங்குதான். அதன்பிறகுதான் வார், வாய்க்கவசம், உரிமம் என்று நகரமே பேசத் தொடங்கியது. இனத்தைத் தடை செய்தால் தீர்ந்துவிடும் என்று நான் நம்பவில்லை. சிட்சூவும் கடிக்கும். ஆனால் நாற்பது கிலோ நாய் செய்யும் தப்புக்கும் நாலு கிலோ நாய் செய்யும் தப்புக்கும் விலை வேறு. சின்ன நாய்களுக்குத் தனி வேலி இருந்தால் அதை மதிக்க வேண்டியது அதனால்தான்.

இனி, பூங்காவின் விதிப் பலகையில் இல்லாத அந்த மூன்று. முதலில் காற்று.

நாய்க்கு வியர்ப்பது பாதத்தின் அடியில் மட்டும், அதுவும் பெயரளவுக்கு. மற்றபடி மூச்சிரைப்புதான் அதன் ஏர்கான். நட் ஷ்மிட்-நீல்சன் என்ற உடலியல் அறிஞரும் சகாக்களும் 1970-இல் காட்டியபடி, இரைக்கும் நாய் காற்றை மூக்கால் இழுத்து வாயால் விடுகிறது. மூக்குக்குள் சுருள் சுருளாக மடிந்திருக்கும் ஈரச் சவ்வின் மேல் காற்று ஒரே திசையில் ஓட, நீர் ஆவியாகி இரத்தம் குளிர்கிறது. நிமிடத்துக்கு முந்நூறு தடவை இரைத்தாலும் நாய் அவ்வளவாகக் களைப்பதில்லை. அதன் மார்புக்கூடு இயல்பாகவே அந்த வேகத்தில் அதிரும்படி அமைந்திருக்கிறது. ஊஞ்சலை அதன் போக்கிலேயே உந்துவது போல.

கணக்கு ஒன்று போடலாம். இருபது கிலோ நாயின் உடம்புச் சூடு ஒரு டிகிரி குறைய, ஏறத்தாழ 30 மில்லிலிட்டர் நீர் ஆவியாக வேண்டும். நாயின் உடம்பிலிருந்து வெளிவரும் சூடான மூச்சு கனமீட்டருக்கு 45 கிராம் வரை நீராவியைச் சுமக்கும். ஆனால் உள்ளே போகும் கோலாலம்பூர் காற்றிலேயே 22 கிராம் போல இருக்கிறது. மிஞ்சிய இடம்தான் நாய்க்குக் குளிர்ச்சி. 20 டிகிரி வெப்பமும் பாதி ஈரப்பதமும் உள்ள ஓர் ஐரோப்பியக் கோடை மாலையில் காற்றில் 9 கிராம்கூட இருக்காது. ஒவ்வொரு மூச்சிலும் அங்குள்ள நாய்க்குக் கிடைக்கும் குளிர்ச்சியில் மூன்றில் இரண்டு பங்குதான் இங்குள்ள நாய்க்கு.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. காலையில் ஈரப்பதம் 95 விழுக்காடு, மதியம் 60 சொச்சம் என்று வானிலை அறிக்கை சொல்வதால் மதியம் காற்று காய்ந்துவிடுகிறது என்று நினைத்துவிடக் கூடாது. காற்று சூடாகும்போது அதன் கொள்ளளவு பெருகுவதால் விழுக்காடு குறைகிறது. நீராவியின் அளவு காலை, மதியம், இரவு எந்நேரமும் ஏறத்தாழ ஒன்றேதான். மூச்சிரைப்பைப் பொறுத்தவரை நம் ஊரில் நல்ல நேரம் என்று ஒன்று கிடையாது. காலை ஏழரைக்கும் மாலை ஆறரைக்கும் வெயிலும் தாரின் சூடும் குறைவு, அது மட்டும்தான் லாபம். அதனால் காலையில் போனாலும் ஓட்டத்தை ஐந்து பத்து நிமிடங்களாகப் பிரித்து, நடுவில் நிழலும் தண்ணீரும் கொடுக்க வேண்டும். பக், பிரெஞ்சு புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு அந்தச் சவ்வுக்கே இடமில்லை. அவற்றுக்கு நடை போதும், பந்து வேண்டாம்.

நாயின் இயல்பான சூடு 38-இலிருந்து 39 டிகிரிக்குள். 41-ஐத் தாண்டினால் உறுப்புகள் பழுதாகத் தொடங்கும். நாக்கு தடித்து அகன்று தொங்குவது, ஈறு செங்கல் நிறமாவது, எச்சில் நூலாக வடிவது, பின்னங்கால் தள்ளாடுவது, கூப்பிட்டால் திரும்பாதது என்று தெரிந்தால், காரில் போட்டு ஓடும் முன் குளிர்விக்க வேண்டும். குளிர்ந்த தண்ணீரால் ஷாக் வரும் என்ற பழைய அச்சத்தைக் கால்நடை மருத்துவர்கள் இப்போது ஒதுக்கிவிட்டார்கள். குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க நிற்காமல் ஊற்றி, விசிறி, பிறகு ஏர்கானைப் போட்டுக்கொண்டு போங்கள். ஈரத்துண்டைப் போர்த்தி வைப்பது வேண்டாம். நம் காற்றில் அது உலராமல் சூட்டை உள்ளேயே பிடித்துவைக்கும்.

அடுத்தது மண். நாய் மலம் அசிங்கம், நாற்றம், யாராவது மிதித்துவிடுவார்கள் என்பதற்காகத்தான் அள்ளச் சொல்கிறார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது நேரத்தோடு ஓடும் போட்டி. கொக்கிப்புழு உள்ள நாயின் மலத்தில் முட்டைகள் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. வெதுவெதுப்பான ஈர மண்ணில் அவை ஓரிரு நாளில் பொரியும். ஒரு வாரம் பத்து நாளுக்குள் தோலைத் துளைக்கும் பருவத்தை எட்டும். பனி உறையும் நாடுகளில் குளிர்காலம் புழுக்களுக்கு ஒரு தடை போடும். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டின் 365 நாளும் அவற்றுக்குப் பொன்னாள், அதுவும் மழை பெய்து விட்ட மறுநாள். அன்றே அள்ளினால் முட்டையோடு கதை முடிந்தது. அடுத்த வாரம் அள்ளினால் மலம் மட்டும்தான் பைக்குள் வரும், புழு புல்லுக்குள் போயிருக்கும்.

நம் பக்கத்தில் இது வெறும் நாய் நோயாகவும் நிற்பதில்லை. ஆன்சைலோஸ்டோமா சைலானிகம் என்ற கொக்கிப்புழுவை 1911-இல் ஆர்தர் லூஸ் என்ற ஒட்டுண்ணியியலாளர் இலங்கைப் புனுகுப் பூனை ஒன்றிலிருந்து எடுத்து விவரித்தார். நெடுங்காலம் அது விலங்குகளின் புழுவாகவே கருதப்பட்டது. மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தீபகற்பத்தின் கிராமப்புற மக்களிடமும் அவர்களுடைய நாய் பூனைகளிடமும் மாதிரிகளைச் சேகரித்து மரபணுவைப் படித்து 2012-இல் வெளியிட்டபோது, மனிதக் குடலிலும் அது குடியிருப்பது தெளிவானது. வேறு கொக்கிப்புழு இனங்களின் குஞ்சுகள் மனிதத் தோலுக்குள் வழி தெரியாமல் ஊர்ந்து, சிவந்த கோடு போட்டு அரிப்பைத் தருவதோடு நின்றுவிடும். இது உள்ளே போய்க் குடும்பமே நடத்தும்.

ஆகவே நாய்ப் பூங்காவில் குழந்தையை வெறுங்காலோடு விடாதீர்கள். நாய்க்கு மருத்துவர் சொன்ன இடைவெளியில் பூச்சி மருந்து கொடுங்கள். அள்ளிய பையைக் குப்பைத் தொட்டியில் போடுங்கள். மலத்தை அழகாக அள்ளி, முடிச்சுப் போட்டு, அந்தப் பையை வேலியில் மாட்டிவிட்டோ கால்வாயில் வீசிவிட்டோ போகிறவர்களைப் பார்க்கும்போது, அள்ளாமலே போகிறவர்களைவிட இவர்கள்மேல்தான் எனக்குக் கோபம் அதிகம் வருகிறது. கால்வாய் எலிகளின் ராஜபாட்டை. எலி சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் மலேசியாவில் 2010 முதல் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய். மழைக்குப் பின் தேங்கும் குட்டையில் நாய் வாய் வைக்காமலிருக்க, தண்ணீரும் கிண்ணமும் வீட்டிலிருந்தே எடுத்துப் போவது நல்லது. பொதுக் கிண்ணத்தையும் தவிர்த்துவிடலாம். உண்ணி பற்றி ஒரு வார்த்தை: 1960-களில் சிங்கப்பூரில் பிரிட்டிஷ் படையின் நாய்களையும், பிறகு வியட்நாமில் அமெரிக்கப் படையின் நாய்கள் நூற்றுக்கும் மேற்பட்டவற்றையும் கொன்ற எர்லிக்கியா நோயைப் பரப்பியது, நம் வீட்டு நாயின் காது மடலில் ஒட்டியிருக்கும் அதே பழுப்பு உண்ணிதான். பூங்காவிலிருந்து வந்ததும் விரலிடுக்கு, காதுமடல், வாலடி மூன்றையும் தடவிப் பாருங்கள்.

மூன்றாவது, மனிதர். 2014 அக்டோபர் 19-ஆம் தேதி பண்டார் உத்தாமாவின் சென்ட்ரல் பார்க்கில், சையத் அஸ்மி அல்ஹப்ஷி என்ற மருந்தாளர் ‘ஐ வாண்ட் டு டச் எ டாக்’ என்றொரு நிகழ்ச்சியை நடத்தினார். நாயைக் கண்டு அஞ்சும், தொட்டுப் பார்த்திராத மக்கள் தொட்டுப் பார்க்கலாம், தொட்டபின் முறைப்படி கழுவிக்கொள்வதையும் அங்கேயே கற்றுக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. ஆயிரம் பேருக்கு மேல் வந்தார்கள், முக்காடு அணிந்த பெண்கள் உட்பட. படங்கள் பரவியதும் கண்டனமும் கொலை மிரட்டலும் வந்தன. சர்ச்சையை விட்டுவிட்டு அதிலிருந்து நாய் வளர்ப்பவர் எடுத்துக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மலேசிய முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாஃபி வழியில் தீர்மானிப்பது ஈரம். காய்ந்த கை காய்ந்த முடியில் பட்டால் கழுவத் தேவையில்லை. எச்சிலோ, நனைந்த உடம்போ, ஈர மூக்கோ பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்த நீரால். வெளியில் இருக்கும் ஒருவருக்கு, அதுவும் மக்ரிப் தொழுகைக்குச் சற்று முன்னால், அது எவ்வளவு பெரிய தொந்தரவு என்று யோசியுங்கள்.

நம் ஊரில் நாய் எந்நேரமும் ஈரமாகத்தான் இருக்கிறது. மழை, மூச்சிரைப்பு, எச்சில். பூங்காவில் எல்லாரும் நடக்கும் பாதையில் வாரைச் சுருக்கிப் பிடித்து, ஆள் வரும் பக்கத்துக்கு நாம் நின்று, நாயை மறுபக்கம் வைத்துக்கொண்டால் பிரச்சினை வராது. நனைந்த நாய் உடம்பைச் சிலிர்த்து உதறும் நேரத்தில் பக்கத்தில் யாரும் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கொண்டோ மின்தூக்கியில் முன்பே ஒரு மாக்சிக் நின்றுகொண்டிருந்தால், “நீங்க போங்க மாக்சிக், நாங்க அடுத்ததுல வர்றோம்” என்று சொல்ல அரை நிமிடம்தான் ஆகும். இது மதம் சார்ந்த மரியாதை மட்டுமல்ல. சிறு வயதில் கடிபட்ட தமிழ் ஆண்டிக்கும் அந்த அரை நிமிடம் பெரிய உதவி.

இடி மின்னல் நேரத்தில் பூங்காவை விட்டுவிடுங்கள். பிற்பகல் இடியில் மிரண்டு, திறந்த கதவு வழியாகச் சாலைக்கு ஓடும் நாய்கள் பல. கழுத்தில் உரிமத் தகடும் தோலுக்கடியில் மைக்ரோசிப்பும் இருந்தால் திரும்பக் கிடைக்க வாய்ப்பு உண்டு.

அத்தனை கவனத்துக்குப் பிறகும் சண்டை வரலாம். அப்போது பெரும்பாலோர் செய்வது கழுத்துப் பட்டையைப் பிடிக்கப் பாய்வது. சண்டையின் வேகத்தில் நாய், எதிரே வந்தது யார் கை என்று பார்க்காது. வாளித் தண்ணீர், பெரிய சத்தம், நடுவில் நுழைக்க ஒரு குடை, இவை முதலில். முடியாவிட்டால் இரண்டு முதலாளிகளும் ஒரே நேரத்தில் தத்தம் நாயின் பின்னங்கால்களைத் தூக்கிப் பின்னோக்கி இழுக்க வேண்டும். ஒருவர் மட்டும் இழுத்தால், இழுபடும் நாய்தான் கடி வாங்கும்.

மனிதர்மேல் பல் பட்டிருந்தால், யார் பக்கம் தப்பு என்ற விசாரணைக்கு முன், குழாயடியில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். பதினைந்து என்றால் பதினைந்தேதான், கைக்கடிகாரத்தைப் பார்த்து. மஞ்சள், காபித்தூள், மினியாக் காப்பாக் எதுவும் வேண்டாம். தீபகற்பத்தில் வெறிநாய்க்கடி நோய் இல்லை என்று நிம்மதியாக இருந்த காலம் 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் நோய் தலைகாட்டியபோதே போய்விட்டது. 2017-இல் சரவாக்கின் செரியானில் தொடங்கிய பரவல் குழந்தைகளையும் பலி கொண்டது. அறிகுறி வந்தபின் ஏறக்குறைய யாரும் பிழைப்பதில்லை, அதற்குமுன் போடும் தடுப்பூசி ஏறக்குறைய எல்லாரையும் காப்பாற்றுகிறது. ஆகவே கழுவிய கையோடு கிள்ளானில் இருப்பவர் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக்கோ, கோலாலம்பூரில் இருப்பவர் பொது மருத்துவமனைக்கோ, அருகிலுள்ள கிளினிக்குக்கோ போய்விட வேண்டும்.

கடித்த நாயின் முதலாளி செய்ய வேண்டியதும் உண்டு. பெயர், தொலைபேசி எண், நாயின் தடுப்பூசிப் புத்தகத்தின் படம், மூன்றையும் கேட்காமலே கொடுக்க வேண்டும். நாயைக் கவனக்குறைவாக வைத்திருந்து பிறருக்கு ஆபத்து உண்டாக்குவது குற்றவியல் சட்டத்தின் 289-ஆவது பிரிவின்படி குற்றம் என்பதால் சிலர் நழுவப் பார்ப்பார்கள். நழுவினால் கடிபட்டவருக்குத் தேவையில்லாத ஊசிகளும் வீண் பயமும் மிஞ்சும். நாய் கண்ணெதிரே இருந்து, அடுத்த பத்து நாளும் நன்றாகச் சாப்பிட்டு நடமாடினால், கடித்த அன்று அதன் எச்சிலில் அந்த நோய்க்கிருமி இல்லை என்று மருத்துவர் முடிவுக்கு வரலாம். அந்தப் பத்து நாளும் நாயை வீட்டிலேயே கட்டிவைத்து, ஒவ்வொரு நாளும் எப்படி இருக்கிறது என்று கடிபட்டவருக்கு முதலாளி தானாகவே வாட்ஸ்அப்பில் தெரிவித்துவிட வேண்டும்.